கேஜ் கெட்டுப்போகவில்லை, நம்புங்கள்

சென்னையில் கேரவன் என்றால் இன்னமும் சாலிகிராமத்துப் பக்கம் நிற்கும் ஷூட்டிங் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. என் வேலை அதில் இல்லை. டெம்போ டிராவலரையோ பழைய மினி பஸ்ஸையோ வாங்கி, உள்ளே கட்டில், சிங்க், அடுப்பு எல்லாம் வைத்து, லீவு விட்டால் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு கேஸ் லைன் போட்டுத் தருவது என் தொழில். அம்பத்தூரில் சின்னதாக ஒரு ஷெட்.

இந்தக் கோடையில் வந்த போன்களில் எல்லாம் ஒரே பல்லவி. "கேஜ் போயிடுச்சு, வேற மாத்தணும்." போய்ப் பார்த்தால், சிலிண்டர் வாயில் மாட்டும் அந்த முள் வைத்த கேஜில் ஒரு குறையும் இருக்காது. இத்தனை நாளும் சிரித்துப் பேசி அனுப்பிவிடுவேன். போன வாரம் வந்த போனுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

வேளச்சேரிக் குடும்பம். 5 கிலோ சிலிண்டர், அதன் மேல் ஆன்லைனில் வாங்கிய, பச்சை மஞ்சள் சிவப்பு போட்ட வட்டக் கேஜ். சென்னையில் கிளம்பும்போது முள் பச்சையில் நன்றாக ஏறி நின்றிருக்கிறது. கொடைக்கானலில் இரவு தங்கி, விடியற்காலை காபி போட எழுந்தால் முள் மஞ்சளுக்கு வந்துவிட்டது. ராத்திரி யாரும் அடுப்பைத் தொடவில்லை. அப்படியானால் லீக்தான் என்று குடும்பத் தலைவர் முடிவு கட்டிவிட்டார். சரி, சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அதைக் கண்டுபிடிக்க என்ன செய்தார் தெரியுமா? லைட்டரைப் பற்றவைத்து ஹோஸ் நெடுகக் காட்டியிருக்கிறார். பின் கட்டிலில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். "ஒண்ணும் பத்திக்கலை, அதனால கேஜ்தான் கோளாறுன்னு நினைக்கிறேன்" என்று நிதானமாகச் சொல்கிறார் மனிதர். கேட்ட எனக்குத்தான் கை நடுங்கியது.

தயவுசெய்து ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். சிலிண்டர் வாயில் மாட்டும் அந்த வட்டக் கேஜ் காட்டுவது அழுத்தத்தை. உள்ளே எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. சிலிண்டருக்குள் எல்பிஜி திரவமாகக் கிடக்கிறது, அதற்கு மேலே அதன் ஆவி நிற்கிறது. அடியில் கொஞ்சம் திரவம் இருக்கும் வரைக்கும் அந்த ஆவியின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், முழு சிலிண்டரானாலும் சரி, கால் சிலிண்டரானாலும் சரி. குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாலும் மூன்று டம்ளர் ஊற்றினாலும் வெயிட்டைத் தூக்குகிற அழுத்தம் அதேதான். விசில் சத்தத்தை வைத்து உள்ளே எத்தனை டம்ளர் தண்ணீர் இருக்கிறது என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா? கேஜ் விஷயத்தில் மட்டும் படித்தவர்களே சொல்கிறார்கள். பச்சை என்றால் நிறைய, மஞ்சள் என்றால் பாதி, சிவப்பு என்றால் காலி என்று பெட்டி மேலேயே அச்சடித்து விற்கிறார்கள், அவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் சூடும் குளிரும்தான். சுத்தப் புரோப்பேனை எடுத்துக்கொண்டால், 38 டிகிரி சென்னை மதியத்தில் கேஜ் ஏறக்குறைய 12 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) காட்டும். அதையே 10 டிகிரிக் குளிரில் வைத்தால் 5 பார் சொச்சம். பியூட்டேன் இன்னும் மோசம், 38 டிகிரியில் இரண்டரை பார் இருப்பது 10 டிகிரியில் அரை பாருக்கு வந்துவிடும். நம்மூர் சமையல் கேஸ் இந்த இரண்டின் கலவை. ஆக, ஒரு சொட்டு கேஸ் செலவாகாமலே, மலையேறிய ஒரே காரணத்தால் முள் பாதிக்குக் கீழே இறங்கும். மறுபடி வத்தலக்குண்டு வந்து சேர்ந்தால் தானாகவே பச்சைக்கு ஏறிவிடும். "கேஸ் தானா ஊறுது சார்" என்று என்னிடம் ஒருவர் சத்தியம் செய்திருக்கிறார்.

மலைக்கே போக வேண்டாம். சின்ன சிலிண்டரில் இரண்டு பர்னரையும் முழு வேகத்தில் வைத்து ஒரு மணி நேரம் சமைத்துப் பாருங்கள். திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுப்பதால் சிலிண்டர் ஜில்லென்று ஆகி வெளியே முத்து முத்தாக வேர்க்கும், முள் இறங்கும். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். கடைசித் துளி திரவம் தீர்ந்த பிறகுதான் கேஜ் உண்மையைச் சொல்லும். அப்போது மடமடவென்று கீழே வரும். ஆனால் அந்த நேரத்தில் சாம்பார் பாதி கொதித்துக்கொண்டிருக்கும்.

அப்போ எவ்வளவு இருக்கிறது என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? எடை போடுங்கள். சிலிண்டரின் மேல் பட்டையில் காலி எடை பொறித்திருக்கும். லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுத் தொங்கவிட்டு, வரும் எடையில் காலி எடையைக் கழித்தால் மிச்ச கேஸ். இவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்து, எந்த உயரம் வரை மெதுவாகக் காய்கிறது என்று பார்க்கும் நம் அம்மாக்களின் வழியும் அந்தக் கேஜைவிட எவ்வளவோ மேல். 2021ல் இண்டேன் கொண்டுவந்த, இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் சேர்த்துச் செய்த காம்போசிட் சிலிண்டர் கிடைத்தால் இன்னும் வசதி, வெளிச்சத்தில் பார்த்தாலே உள்ளே திரவ மட்டம் தெரியும்.

வட்டக் கேஜுக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. நான் போடும் லைனில் சிலிண்டர் பக்கம் ஒரு வால்வும், ரெகுலேட்டருக்கு அப்புறம் ஒரு சின்ன அழுத்தக் கேஜும் வைப்பேன். பர்னர் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வால்வைத் திறந்து முள் நின்றதும் வால்வை மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் முள் அங்கேயே நின்றால் லைன் நன்றாக இருக்கிறது. இறங்கினால் எங்கோ கசிகிறது. எங்கே என்று பார்க்க சோப்பு நுரை போதும், குமிழி விடும் இடம்தான் லீக். லைட்டர் வேண்டாம், தீக்குச்சி வேண்டாம், ஊதுபத்தியும் வேண்டாம்.

இனி, வண்டியோடு சேர்த்துப் பொருத்திய டேங்க் வைத்திருப்பவர்களுக்கு. அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வைத்திருக்கும் நம்ம பிள்ளைகள் அப்பா மூலமாக என் நம்பரை வாங்கி வீடியோ காலில் கேஜைக் காட்டுகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான். இந்த டேங்கில் இருப்பது மிதவைக் கேஜ். உள்ளே ஒரு மிதவை திரவத்தோடு ஏறி இறங்கும், அதன் தண்டின் முனையில் ஒரு காந்தம், வெளியே டயலில் ஒரு காந்த முள். இது உண்மையிலேயே அளவைக் காட்டும், கெட்டும் போகும். புகார் சொல்லும் முன் இரண்டு விஷயம். டயல் 80க்கு மேல் போகவில்லை என்பது கோளாறு கிடையாது. திரவம் சூட்டில் விரிய இடம் வேண்டும், அதனால் 80 சதவீதம்தான் முழு டேங்க். பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை போடாதீர்கள். வண்டியைச் சாய்வில் நிறுத்திவிட்டு அளவு தப்பு என்றும் சொல்லாதீர்கள்.

வண்டி உள்ளே கேஸ் அளவைக் காட்டும் விளக்குப் பேனல் ஒன்று சொல்லி, டேங்கின் டயல் வேறு சொன்னால் டயலை நம்புங்கள். கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, பெரும்பாலும் ஒயரில். ஈசிஆர் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் உப்புக் காற்று பட்டு டெர்மினல் பச்சை பூத்துப் போயிருக்கும், எர்த் ஒயர் கையோடு வந்துவிடும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பாதி நேரம் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால், டயலில் இருந்து பேனலுக்கு அளவை அனுப்பும் சென்சாரைப் பாருங்கள். சாதாரணமாக டயலை இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும், அவற்றைக் கழற்றினால் டயல் மட்டும் கையில் வரும், கேஸ் வராது. பின்புறம் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துச் சுற்றுங்கள். முள்ளும் பேனலும் கூடவே நகர்ந்தால் சென்சார் நலம். முள் மட்டும் நகர்ந்து பேனல் அசையவில்லை என்றால் சென்சாரை மாற்றிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை.

அதே இடத்தில் சுற்றிலும் நான்கு பெரிய போல்ட்கள் தெரியும். அவை டேங்கின் வாயை மூடியிருப்பவை. அவற்றின் மேல் ஸ்பானரை வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே மிதவை சிக்கியிருந்தால், டேங்கைக் காலி செய்து, அதற்கென்று அனுமதி பெற்ற ஆள்தான் திறக்க வேண்டும். சுத்தியலால் தட்டி மிதவையை எழுப்பப் பார்த்த டேங்க் ஒன்று என் ஷெட்டுக்கே வந்தது. பெயின்ட் பெயர்ந்து, பக்கத்தில் ஒரு பள்ளம். அதில் நான் கை வைக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆட்டோ எல்பிஜியில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள், "அந்த டேங்கில் இருந்தே அடுப்புக்கு ஒரு லைன் இழுத்துக் கொடுங்களேன்" என்கிறார்கள். மாட்டேன். என்ஜினுக்குப் போகும் குழாய் திரவத்தை எடுக்கிறது, அடுப்புக்கு வேண்டியது ஆவி. ரெகுலேட்டருக்குள் திரவம் போனால் பர்னரில் ஆள் உயரத்துக்குத் தீ வரும். சிலிண்டரைப் படுக்கவைத்து அடுப்பு எரித்தாலும் அதே கதைதான், அதனால் எப்போதும் நிமிர்த்தி, பெல்ட் போட்டுக் கட்டியே வையுங்கள்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தது மறந்திருக்காது. விதியை மீறி உள்ளே கொண்டுபோன கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. நின்றிருந்த பெட்டிக்கே அந்தக் கதி. நீங்கள் சிலிண்டரைச் சீட்டுக்கடியில் உருட்டிவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். சிலிண்டர் அறை வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வண்டி உள்பக்கம் ஒரு துளை இருக்கக் கூடாது, அடித்தளத்தில் கேஸ் கீழே இறங்க ஓட்டை இருக்க வேண்டும். அந்த ஓட்டை வழியாக எலி வருகிறது என்று துணி அடைக்காதீர்கள், வலை அடியுங்கள்.

வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்கட்டும். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலறையோடு இருக்கட்டும், வண்டிக்கு அடையாள அட்டை காட்டி பெட்ரோல் பங்க்கிலேயே 5 கிலோ வாங்கலாம். வாங்கும்போது பட்டையில் ஏ முதல் டி வரை ஓர் எழுத்தும் வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள், அது அடுத்த சோதனைக்கான காலாண்டு. அது கடந்திருந்தால் வாங்காதீர்கள். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வால்வை மூடி, கதவைத் திறந்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, தள்ளி நின்று கேஸ் அவசர உதவி எண் 1906க்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம், கேஸ் டிடெக்டர். வாங்கிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் மாட்டியிருப்பது கூரையில், லைட் பக்கத்தில். கழற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டுங்கள்.