விண்டோஸ் மாறிய மறுநாள் வைஃபை காணாமல் போனால்

பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த வாரம் அது. காலையில் கடையைத் திறக்கும்போதே ஒரு அப்பாவும் மகளும் படியில் காத்திருந்தார்கள். அவர் கையில் மஞ்சப்பை, அதற்குள் லேப்டாப். "முந்தாநாள் ராத்திரி விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லி வந்துச்சு சார், பாப்பா சரின்னு கொடுத்துட்டா. காலையில எந்திரிச்சுப் பார்த்தா வைஃபையே இல்ல. நேத்து ஒருத்தர்கிட்ட காட்டினோம். வைஃபை கார்டு போயிடுச்சு, போர்டையே மாத்தணும், 6,000 ரூபா ஆகும்னாரு" என்றார். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. அவள் கையில் கல்லூரிக் குறியீட்டு எண்களை வரிசையாக எழுதிய நோட்டு இருந்தது. அன்று மாலைக்குள் விருப்பப் பட்டியலைக் கொடுத்து முடிக்க வேண்டும்.

திறந்து பார்த்தேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைஃபை சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் உலக உருண்டை. செட்டிங்ஸுக்குள் போனால் வைஃபை பட்டனே இல்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பெயர் இருந்தது, மேலே மஞ்சள் முக்கோணம், உள்ளே "கோட் 10" என்ற செய்தி. பெயர் தெரிகிறதே, அதுவே எனக்குப் பாதி நிம்மதி. விண்டோஸ் கார்டைப் பார்க்கிறது, அதைக் கிளப்பத்தான் முடியவில்லை. உண்மையிலேயே கார்டு செத்துப்போயிருந்தால் பெரும்பாலும் அந்தப் பெயரே பட்டியலில் வராது.

பழுதைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் வேலை முடிய வேண்டும். அப்பாவின் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் இருக்கும் "யூஎஸ்பி டெதரிங்"கைப் போட்டேன். அரை நிமிடத்தில் இணையம் வந்துவிட்டது. அவள் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அடித்து முடித்தாள். இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே முதலில் சொல்கிறேன். வைஃபை போனால் அதைச் சரிசெய்யும் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் சிறு மென்பொருளை, இறக்க இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது மாதிரியான நிலை. ஆண்ட்ராய்டு போனும் ஒரு கேபிளும் இருந்தால் அந்தப் பூட்டு திறந்துவிடும், ஏனென்றால் அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

பிறகு லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போட்டேன். உருண்டை போய் வைஃபை சின்னம் வந்துவிட்டது. போர்டு மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை.

இது மந்திரம் இல்லை. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து "ஷட் டவுன்" என்பது பல கணினிகளில் முழு அணைப்பு கிடையாது. அடுத்த முறை சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக விண்டோஸ் தன் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பது அதுதான். "பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் சார்" என்று சொல்பவர்கள் பத்து தடவையும் அதே குழம்பிய நிலையைத்தான் திரும்ப எழுப்பியிருப்பார்கள். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். சில வைஃபை கார்டுகள் அதற்கும் அசையாது. அதற்குப் போகும் மின்சாரம் முழுதாக அற்றால்தான் விழிக்கும். 30 விநாடி அழுத்துவது அதற்குத்தான்.

அடிப்படைக் காரணத்துக்கு வருகிறேன். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம், பிராட்காம் என்று வைஃபை சிப் செய்யும் நிறுவனங்கள் பல. ஒவ்வொரு சிப்புக்கும் தனி பாஷை. அந்தப் பாஷையை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். பெரிய அப்கிரேட் நடக்கும்போது பழைய விண்டோஸை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய விண்டோஸ் முழுதாகக் குடியேறுகிறது. உங்கள் படங்களையும் கோப்புகளையும் பத்திரமாக எடுத்துவருகிறது. டிரைவர் விஷயத்தில் மட்டும், பழையதையே கொண்டுவரும், அல்லது தன்னிடம் இருக்கும் பொதுவான ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அந்தப் பொதுவான டிரைவர் உங்கள் சிப்புக்கு ஏறக்குறையப் பொருந்துவதாக இருந்தால் வைஃபை தெரியும், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும், பக்கத்து அறைக்குப் போனாலே சிக்னல் இறங்கிவிடும்.

இப்படி அறுந்து அறுந்து வந்தால் முதலில் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் மேல் இரட்டைக் கிளிக் செய்து, "பவர் மேனேஜ்மென்ட்" பக்கத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைத்துக்கொள்ள அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்தது டிரைவர். "ரோல் பேக் டிரைவர்" பட்டன் அழுத்தும்படி இருந்தால் நல்லது, ஆனால் அப்கிரேடுக்குப் பிறகு அது பெரும்பாலும் மங்கித்தான் கிடக்கும். அப்போது "அப்டேட் டிரைவர்" போய், கணினியிலேயே தேடச் சொல்லி, பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகள் அங்கே இரண்டு மூன்று இருக்கும். தேதியில் முந்தையதைப் போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் புது டிரைவரைத் தேடி அலைந்ததைவிட இந்தப் பட்டியலில் கிடைத்த பழைய டிரைவர்தான் அதிகம் கைகொடுத்திருக்கிறது.

வைஃபை இணைகிறது, ஆனால் இணையம் வரவில்லை என்றால் கதை வேறு. நெட்வொர்க்கில் கணினிக்கு உள்ள எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் இந்தக் கணினிக்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், அந்த வைஃபையை "ஃபர்கெட்" செய்து பாஸ்வேர்டை மறுபடி அடியுங்கள். "நெட்வொர்க் ரீசெட்" கடைசி ஆயுதம். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில் போய்விடும், அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டிவரலாம்.

விபிஎன் என்றதும் 2015 நினைவுக்கு வருகிறது. அந்த ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியாகி, ஓராண்டுக்கு இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். ஆகஸ்டிலேயே ஐடி வேலையில் இருப்பவர்களின் லேப்டாப்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார், பட்டியலில் ஒரு வைஃபை பெயர்கூட வரவில்லை. டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. கடைசியில் மைக்ரோசாஃப்டே விளக்கம் வெளியிட்டது. விண்டோஸ் 10-க்குப் பொருந்தாத பழைய விபிஎன் மென்பொருள் நெட்வொர்க் அடுக்குக்குள் ஒரு வடிகட்டியைச் செருகிவைத்திருந்தது. விண்டோஸ் மாறிய பிறகும் அது வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதை நீக்கியதும் வைஃபை வந்துவிட்டது. அன்றிலிருந்து அப்கிரேடுக்கு முன் பழைய விபிஎன், தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

சில நேரம் உங்கள் கணினியில் எந்தக் குறையுமே இருக்காது. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-க்கு வந்த மாதாந்தர அப்டேட், கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களின் வைஃபையில் பல கணினிகளை இணையவிடாமல் செய்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு, சில நாளிலேயே அந்த மாற்றத்தைத் தானாகவே பின்வாங்க வைத்தது. வீட்டு வைஃபைக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. "வீட்டுல வருது, காலேஜ்ல மட்டும் வரல அண்ணே" என்று ஒரு மாணவர் சொன்னால், கார்டின் மேல் சந்தேகப்படாமல் அந்த வாரத்து அப்டேட்டைப் பார்க்க வேண்டும். அப்டேட்டை மட்டும் தனியே நீக்கவும் வழி இருக்கிறது.

பழைய லேப்டாப்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்டு, விண்டோஸ் 11-க்குத் தகுதியே இல்லாத பத்து, பன்னிரண்டு வருடப் பழைய லேப்டாப்களிலும் தடையைத் தாண்டி அதை ஏற்றிக் கொடுக்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அப்படி ஏற்றிய லேப்டாப்போடு வந்தார். அந்த வைஃபை சிப்பைச் செய்த நிறுவனம் விண்டோஸ் 8-க்குப் பிறகு அதற்கு டிரைவரே எழுதவில்லை. "பழைய விண்டோஸுக்கே மாத்திடுங்க தம்பி" என்றார். அப்கிரேடுக்குப் பிறகு 10 நாள் வரைதான் "கோ பேக்" பட்டன் வேலை செய்யும். பழைய விண்டோஸ் அதுவரைதான் ஓரமாக ஒரு ஃபோல்டரில் காத்திருக்கும். அவர் வந்தது 12-ஆம் நாள். கடைசியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகிக் கொடுத்தேன், நன்றாகவே ஓடுகிறது. அந்த 10 நாள் கெடு முடிவதற்குள் கேட்டால் ஒரு கட்டளை மூலம் 60 நாள் வரை நீட்டிக்கவும் முடியும். ஆகவே புது விண்டோஸ் வந்த முதல் வாரத்திலேயே வைஃபை, பிரின்டர், சவுண்ட் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். இடம் குறைகிறது என்று அந்த வாரத்தில் டிஸ்க் கிளீன்அப் செய்து பழைய விண்டோஸை அழித்துவிடாதீர்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை போனால், கணினி எழும்போது வரும் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை வந்துவிட்டால் காரணம் புரிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் ஏமாற்றுக்காரர்களும் நுழைகிறார்கள். பதற்றத்தில் போனில் "வைஃபை சரிசெய்ய கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்குக் கூப்பிடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவர் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொல்வார், பிறகு பத்து ரூபாய் மட்டும் அனுப்பச் சொல்வார். எந்த நிறுவனமும் உங்கள் வைஃபையைச் சரிசெய்ய ஓடிபி கேட்காது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களையும் நான் போடவிடுவதில்லை. லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு எடுப்பதே சரி. அப்கிரேடுக்கு முன்பே அந்த டிரைவரை ஒரு பென் டிரைவில் இறக்கிவைத்துவிட்டால் பாதி அலைச்சல் இல்லை.

அதோடு இன்னொன்றையும் செய்யுங்கள், இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். இப்போது வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கு 48 இலக்க ரெகவரி கீ ஒன்று உண்டு, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சாதாரண நாளில் அதை யாரும் கேட்பதில்லை. விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்பும் பயாஸில் கைவைத்தால் கேட்கும். அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரியுமா என்று இன்றே பாருங்கள், அந்த எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

ஒரு முனைவர் பட்ட மாணவியின் லேப்டாப் என்னிடம் வந்தபோது திரை முழுக்க நீல நிறம், நடுவில் அந்த எண்ணைக் கேட்கும் கட்டம். அப்கிரேடுக்குப் பிறகு வைஃபை வரவில்லை, பயாஸை அப்டேட் செய்தால் வந்துவிடும் என்று சொல்லி யாரோ ஒருவர் அதைச் செய்திருக்கிறார். மைக்ரோசாஃப்ட் கணக்கு எது என்று கேட்டேன். லேப்டாப் வாங்கிய அன்று கடையில் இருந்த பையன் ஏதோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கிக் கொடுத்தானாம், அது என்னவென்று அவருக்குத் தெரியாது. பில்லின் பின்பக்கம், பெட்டி, பழைய குறுஞ்செய்திகள் என்று இரண்டு நாள் தேடினார். இரண்டு இயல்களை நெறியாளருக்கு அனுப்பியிருந்ததால் அவை மட்டும் தப்பின. ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்த நேர்காணல்களுக்கு வேறு நகல் இல்லை. அவர் அனுமதியோடு டிஸ்க்கை அழித்துப் புது விண்டோஸ் போட்டேன். முதல் முறையிலேயே வைஃபை வந்தது.