படலைக்கு உள்ளே ஒளிக்கப்படும் காய்ச்சல்

2020 மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில், ஊரடங்கினால் ஆளரவமற்றுக் கிடந்த ஓர் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு வீட்டுப் படலையைத் தட்டினேன். யாழ்ப்பாணத்து அரியாலையில் அம்மாதம் 15 ஆம் திகதி நடந்த கிறிஸ்தவ ஆராதனையில் கலந்துகொண்டவர்களின் பட்டியலில் அந்த வீட்டு அம்மாவின் பெயரும் இருந்தது. ஆராதனையை நடத்திய போதகர் சுவிற்சர்லாந்து திரும்பிய பின்னர் அவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியாகியிருந்தது. 22 ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளியும் அடையாளங் காணப்பட்டுவிட்டார். படலைக்கு உள்ளே நின்றபடி அந்த அம்மா என்னிடம் சொன்ன முதல் வசனம் இதுதான்: "தம்பி, நான் அங்க போகேல்லை எண்டு எழுதுங்கோ."

போனீர்களா என்று நான் அதுவரை கேட்கவேயில்லை. படலையடியில் ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரமும் வைக்கப்பட்டிருந்தன; வருகிறவர் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்ற கவனம் அந்த வீட்டில் இருந்தது. நோயைப் பற்றிய அசட்டை அங்கே இல்லை. அவர் எதற்குப் பயந்தார் என்பதை, மகனுடைய கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டியபோது விளங்கிக்கொண்டேன். ஒரு செய்தித்தாளின் முதற்பக்கம் படமாக வட்ஸ்அப்பில் வந்திருந்தது. நோயின் பெயரைவிடப் போதகரின் மதம் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே உறவினர் ஒருவர் எழுதியிருந்த வரிகளை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்பவனுக்கு இருக்கும் ஒரே கருவி மக்களுடைய வாய்தான். இந்தத் தொற்று, அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ 2 நாட்களுக்கு முன்பிருந்தே மற்றவருக்குப் பரவக்கூடியது. ஆகவே காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கிப் போய், யார் வீட்டுக்குப் போனீர்கள், எந்தக் கடையில் நின்றீர்கள், யாரோடு ஒரே வாகனத்தில் வந்தீர்கள் என்று கேட்டு ஒவ்வொரு பெயராக எடுக்கவேண்டும். அந்த அம்மா தமக்கையின் வீட்டுக்குப் போய்வந்ததை மூன்றாம் முறை நான் போனபோதுதான் சொன்னார். இடையில் கழிந்த 4 நாட்களில் தமக்கையின் குடும்பம் வழக்கம்போல நடமாடியிருந்தது. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பது எங்களுடைய அதிர்ஷ்டமே தவிர, எங்களுடைய திறமை அல்ல.

இதை எழுதும்போது எங்கள் ஊர்ப் பத்திரிகைகள்மீது எனக்கு இருக்கும் மரியாதையையும் சொல்லியாகவேண்டும். 2000 ஒக்ரோபரில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன்னுடைய வீட்டிலேயே கொல்லப்பட்ட நகரம் இது. உயிரைக் கொடுத்துச் செய்தி தந்தவர்களின் ஊரில், அவர்களுடைய வழியில் வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் சாய்வு என்பது தென்னிலங்கைத் தொலைக்காட்சிகளுக்கு மட்டும் உரிய நோய் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

தெற்கில் நடந்ததை எல்லோரும் அறிவோம். அந்த ஆண்டு ஏப்ரலில், நோய் பரவும் ஆபத்தை முஸ்லிம் சமூகத்தின் ஆபத்தாகவே காட்டிய ஒளிபரப்புகள் இருந்தன. தொற்றால் இறந்தவரின் உடலைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24 ஆம் திகதியே வழிகாட்டியிருந்த நிலையில், ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்ற வாதம், உயிருள்ள கலம் இல்லாமல் வைரஸ் பெருகமுடியாது என்ற பாடப்புத்தக உண்மை பக்கத்தில் வைக்கப்படாமலே, மாதக்கணக்கில் செய்தியாக ஓடியது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டு, மார்ச்சில் கிழக்கிலுள்ள ஓட்டமாவடியில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் நகரத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முதியவரை வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லி நான் வாசலில் நின்றேன். "அங்க மௌத்தாப் போனா எரிச்சுப் போடுவீங்களோ?" என்று அவருடைய மகள் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. ஒட்சிசன் தேவைப்பட்ட ஒரு மனிதர் அன்று பின்னேரம் வரையில் வீட்டிலேயே கிடந்தார்.

எண்களைக் கையாண்ட விதமும் இதைப்போன்றதுதான். 2020 ஏப்ரல் 25 இல் நடக்கவேண்டியிருந்த பொதுத்தேர்தல் பிற்போடப்பட்டு ஓகஸ்ட் 5 இல் நடந்தது. ஆகவே தொற்றின் முதல் அலையும் தேர்தல் பிரசாரமும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. அரசாங்கத்தின் பக்கம் நின்ற ஊடகத்துக்கு எண் குறைவாக இருப்பதே செய்தி. எதிர்ப்பக்கம் நின்றதற்கு எண் கூடுவதே செய்தி. எத்தனை மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன என்பதை இரண்டு பக்கத்தாரும் எழுதவில்லை. 1000 பேரைச் சோதித்து 10 பேருக்குத் தொற்று இருப்பதும், 50 பேரைச் சோதித்து 10 பேருக்கு இருப்பதும் முற்றிலும் வேறு வேறு நிலைமைகள் என்பது இரண்டு பக்கத்தாருக்கும் தேவைப்படவில்லை. எங்களுக்கு இன்னொரு தலையிடியும் இருந்தது. மருத்துவ பீடத்திலும் போதனா வைத்தியசாலையிலும் இருந்த ஆய்வுகூடங்கள் வடமாகாணம் முழுவதன் மாதிரிகளையும் பரிசோதித்தன. வன்னியில் எடுத்த மாதிரியின் முடிவு "யாழில் உறுதி" என்று தலைப்பாகும். மறுநாள் காலை சந்தைக்கு ஆள் வராது. பணிமனைத் தொலைபேசி ஓயாது அடிக்கும். முடிவு வெளியான இடமும் நோயாளி வசிக்கும் இடமும் ஒன்றல்ல என்பதை அந்த ஆண்டு முழுவதும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தடுப்பூசிக் காலத்தில் நடந்ததுதான் என்னை அதிகமாக வருத்தியது. 2021 ஜனவரி 28 இல் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த 5 லட்சம் கொவிஷீல்ட் தடுப்பூசிகள் வந்தபோது எங்கள் பக்கத்துச் செய்திகள் மகிழ்ந்தன. அது நியாயமான மகிழ்ச்சி. பிறகு இந்தியாவின் ஏற்றுமதி நின்று, நாட்டில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் இரண்டாம் ஊசிக்குக் காத்துநின்றபோது, அதே அளவு இடம் அந்தச் செய்திக்குக் கிடைக்கவில்லை. மே மாத இறுதியில் சீனாவின் சைனோபாம் தடுப்பூசிகள் 50,000 யாழ்ப்பாணத்துக்கு வந்தன. அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியா எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. தீவுகளில் சீனா காலூன்றுவதா என்பது நாங்கள் கட்டாயம் கேட்கவேண்டிய அரசியற் கேள்வி. இந்தத் தடுப்பூசி ஒருவரைக் கடும் நோயிலிருந்து காக்குமா என்பது மருத்துவக் கேள்வி. மே 7 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அவசரகாலப் பாவனைக்கு அனுமதி வழங்கியபோது அதற்கு விடையும் கிடைத்திருந்தது. நான் வாசித்த பல கட்டுரைகள் இந்த இரண்டையும் ஒரே பந்தியில் கலந்து, முதற் கேள்வியின் கோபத்தை இரண்டாவதன்மேல் ஊற்றின.

அதன் விளைவை ஊசி போட்ட பாடசாலை மண்டபத்தில் பார்த்தேன். பட்டியலில் முதலிடம் கொடுத்த முதியவர்களின் கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, வெளிநாட்டுப் பயணத்துக்காக அட்டை தேவைப்பட்ட இளையவர்கள் வரிசையில் நின்றார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை வீட்டுக்கே போய்க் கேட்டேன். "சீனன்ர ஊசி வேண்டாம் தம்பி, இந்தியன்ர வரட்டும், பாப்பம்" என்றார். அந்த ஓகஸ்டில் டெல்டா அலை வந்து நாட்டில் நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். ஆசிரியர் பிழைத்தார். அவருடைய மனைவி பிழைக்கவில்லை. ஒரு கட்டுரைதான் அந்த அம்மாவைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு வேறு நோய்களும் இருந்தன. ஆனால் அந்த வீட்டு மேசையில் மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன்.

மக்களின் அவநம்பிக்கைக்குக் காரணம் ஊடகம் மட்டும் அன்று. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின்கீழ் நான் செய்கிற வேலைதான், 2020 நவம்பரில் போரில் இறந்தோருக்கான நினைவேந்தல்களைத் தடுப்பதற்கும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. மாவட்டத்தில் தனிமைப்படுத்தல் நிலையங்களை இராணுவமே நடத்தியது. போருக்குப் பின்னர் சீருடையைக் கண்டாலே உள்ளே போய்விடுகிற மக்களிடம், அதே சீருடையுள்ள இடத்துக்கு வந்து 14 நாட்கள் இருங்கள் என்று நான் கேட்டேன். இதை எழுதிய பத்திரிகைகள் சரியாகவே எழுதின, இன்னும் எழுதவேண்டும். எழுதும்போது, தொடர்பை மறைத்தால் யாருக்குத் தீங்கு என்ற ஒரு வரியையும் சேர்த்திருந்தால் எங்கள் வேலை எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும்.

வாசிப்பவர்களிடம் நான் கேட்பதும் பெரிய காரியம் அல்ல. தொற்றுச் செய்தி ஒன்றைப் பார்த்தவுடன், இதில் நோயைப் பற்றி எத்தனை வரிகள், ஆளைப் பற்றி எத்தனை வரிகள் என்று எண்ணிப் பாருங்கள். தனக்குப் பிடித்த கட்சி பிழை விட்டபோதும் அந்த ஊடகம் இதே எழுத்தளவில் போட்டதா என்று யோசியுங்கள். நோயாளியின் மதமோ ஊரோ தலைப்பில் இருந்தால், அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

2024 நவம்பர் 14 ஆம் திகதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போன அதிர்ச்சி அடங்குமுன், மழையும் வெள்ளமும் வந்தன. டிசெம்பரில் காய்ச்சலால் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தன. "மர்மக் காய்ச்சல்" என்றார்கள். புதிய அரசாங்கத்தின் கையாலாகாத்தனம் என்று சிலரும், பழையவர்கள் விட்டுச்சென்ற குப்பை என்று சிலரும் எழுதினார்கள். அது எலிக்காய்ச்சல் என்று சில நாட்களில் உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில், காலில் உள்ள சிறு வெடிப்பின் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. நேரத்துக்கு வைத்தியசாலைக்குப் போனால் மாற்றக்கூடியது. வயலில் இறங்குகிறவர்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை டொக்சிசைக்கிளின் என்ற தடுப்புக் குளிசை கொடுக்கத் தொடங்கினோம்.

வடமராட்சியில் ஒரு வரம்பில் குளிசைப் பையோடு நின்றபோது, முழங்கால்வரை சேற்றோடு ஏறிவந்த கமக்காரர் ஒருவர் குளிசையைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "இது ஆற்ற குளிசை தம்பி, புது அரசாங்கத்தின்ரயோ?"

கால் வெடிப்பைக் காட்டச் சொன்னேன். பிறகு, எத்தனை நாட்களாகத் தண்ணீரில் நிற்கிறார், காய்ச்சலோ கெண்டைக்கால் தசையில் நோவோ உண்டா என்று கேட்டு எழுதத் தொடங்கினேன். காய்ச்சல் இரண்டு நாளாக இருந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறச் சொன்னேன்.