மழை பெய்யும் நாளில் கூப்பிடுங்கள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ள கன்ட்ரி ஹவுஸ் என்னும் பழைய மாளிகைகளைப் பழுது பார்க்கும் வேலைகளுக்கு மேற்பார்வை செய்வது என் தொழில். வீட்டைப் பார்வையிடக் கூப்பிடுபவர்கள் நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் சொல்வார்கள். மழை நாளாக இருந்தால் நல்லது என்று நான் கேட்டுக்கொள்வேன். போனதும் விருந்தறையின் சுதை வேலைப்பாட்டைக் காட்டுவார்கள். அழகுதான், மனசு நிறையும். ஆனால் கூரைக்கு ஏறும் வழியைத்தான் நான் முதலில் கேட்பேன்.

18-ஆம் நூற்றாண்டு மாளிகைகள் பலவற்றில் கீழே நின்று பார்த்தால் கூரையே தெரியாது. கைப்பிடிச் சுவர் மறைத்துவிடும். அந்தச் சுவருக்குப் பின்னால், ஈயத்தகடு பதித்த வடிகால் ஒன்று ஓடும். சாதாரண வீட்டில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியே வழியும், நமக்கும் தெரிந்துவிடும். இங்கே அடைத்தால் அது வீட்டுக்குள்தான் இறங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. இரண்டு முறை பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். மேலே போய்ப் பார்த்தேன். வடிகாலின் வாயில் ஓக் இலைகள் மக்கிக் கிடந்தன, அவற்றோடு ஒரு செத்த புறா. அள்ளிப் போடப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் அறையின் தரைப்பலகையைக் கழற்றி, சுவருக்குள் செருகியிருந்த ஓக் உத்தரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது அதோடு ஈரப் பொடிதான் வந்தது. மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு குடியேறியிருந்தது. ஈரத்தில் உளுத்த ஓக் என்றால் அதற்கு விருந்து. சாரம் கட்டி, தற்காலிகக் கூரை போட்டு, கெட்ட முனையை மட்டும் அறுத்துப் புது ஓக் துண்டை இணைத்து முடிக்க ஒன்பது மாதம் ஆனது. அந்தச் செலவுக்குப் பல ஆண்டுகள் ஆள் வைத்து வடிகாலைச் சுத்தம் செய்திருக்கலாம்.

கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் முன்னின்று 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றே இதைத்தான் சொன்னது: அன்றாடம் கவனித்துக்கொண்டாலே சிதைவைத் தள்ளிப்போடலாம். இன்றும் என்னிடம் இதைவிட நல்ல ஆலோசனை இல்லை.

தண்ணீருக்கு அடுத்து நான் பயப்படுவது அவசர ரிப்பேருக்கு. பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. குடித்த ஈரத்தைக் காரை வழியாகவே அவை வெளியே விடும். செங்கற்களுக்கு நடுவே காரை இருக்கும் இடுக்குகளைச் சிமென்ட்டால் பூசினால் ஈரம் செங்கல்லுக்குள் சிக்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் அப்பளம்போல் பெயர்ந்து விழும். காரை செங்கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். தேய்ந்தால் காரையை மறுபடி பூசிக்கொள்ளலாம், முந்நூறு வருடச் செங்கல்லுக்கு எங்கே போவது?

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேற்கு சசெக்ஸில் உள்ள அப்பார்க் மாளிகை 1989 ஆகஸ்ட் 30 அன்று எரிந்தது. கூரையின் ஈயத்தகட்டை நெருப்பால் உருக்கி இணைத்த வேலையிலிருந்து வந்த தீ அது. பழுதுபார்ப்பு முடியப்போகும் தறுவாயில் நடந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. இடிபாடுகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குப்பைத்தொட்டிகளில் நிரப்பிச் சலித்து, கிடைத்த துண்டுகளை வைத்து மீண்டும் எழுப்பினார்கள். 1995-இல் திறந்தது. சர்ரேயின் க்ளாண்டன் பார்க் மாளிகையில் 2015-இல் நிலவறை மின்பலகையில் பிடித்த தீ, லிஃப்ட் குழி வழியாகவும் சுவர்களுக்குள் இருந்த இடைவெளிகள் வழியாகவும் கூரை வரை ஏறியது. என் வேலைத்தளங்களில் கூரைமேல் நெருப்பு வைத்துச் செய்யும் எந்த வேலைக்கும் அனுமதி கிடையாது. ஒப்பந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

டெர்பிஷையரின் கால்க் அபி மாளிகை 1985-இல், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. உரிந்த சுவர்த்தாளை அப்படியே விட்டு, மேலும் கெடாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு கட்டிலின் சீனப் பட்டுத் திரைகள் பெட்டியிலிருந்து பிரிக்கப்படாமலே தலைமுறைகளாகக் கிடந்தன. வெளிச்சம் படாததால் நிறம் நேற்று நெய்ததுபோல் இருக்கிறது. ஏன் இந்த மாளிகைகளில் ஜன்னலை மூடி இருட்டாக வைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் அந்தப் பட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

லண்டனில் விக்டோரியா காலத்து வீட்டில் குடியிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். அதுவும் பெரும்பாலும் சுண்ணாம்பில் கட்டிய வீடுதான். மழை கொட்டும்போது குடையை எடுத்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே வழிகிறது, எந்தச் சுவர் நனைகிறது என்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

புறா செத்துக் கிடந்த அந்த வீட்டில் இப்போது ஒவ்வொரு நவம்பரும், இலை உதிர்ந்து முடிந்ததும், தோட்டக்காரர் கூரைக்கு ஏறுகிறார். இறங்குவதற்குள் போனில் எனக்கு ஒரு படம் வந்துவிடும்: கழுவிவிட்ட ஈயத்தகடு, ஓரத்தில் இரண்டு வாளி நிறைய இலை.