அது சாக்கடை இல்லை, ஓடைக்குப் போகிற வழி

போன வாரம் ஆதம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். வாசலில் பெயின்ட் வேலைக்கு வந்த தம்பி ஒருவர் எனாமல் தோய்ந்த பிரஷ்களைத் தின்னரில் அலசி, அந்தத் தின்னரைத் தெருவோர வடிகாலின் கம்பி மூடி வழியாக ஊற்றிக்கொண்டிருந்தார். அரை லிட்டருக்குக் குறையாது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், "சாக்கடைதானே சார், அது பாட்டுக்குப் போயிடும்" என்றார். எங்கே போகும் என்று கேட்டேன், பதில் இல்லை. அந்தத் தம்பிதான் நியாயமான கேள்வியைக் கேட்டார்: "அப்ப இதை எங்க சார் ஊத்துறது?"

கால்வாய், ஏரி, கிணறு என்று போய் தண்ணீர் மாதிரிகளை எடுத்துப் பரிசோதிப்பது இருபது வருடமாக என் தொழில். இந்த "சாக்கடைதானே" என்ற வார்த்தையை அத்தனை வருடமும் கேட்டு வருகிறேன். படித்தவர்கள், குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள், ஒரு முறை ஒரு மருத்துவர்கூடச் சொன்னார். இனியும் பொறுமை இல்லை, அதனால் ஒரே ஒரு முறை விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

அது சாக்கடை இல்லை. சென்னையில் கழிவுநீருக்கு ஒரு பாதை, மழைநீருக்கு வேறு பாதை. கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் பாதாளச் சாக்கடைக் குழாயில் போகிறது. அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கிறார்கள். தெருவோரம் கம்பி மூடியோ சிமென்ட் மூடியோ போட்டு ஓடுவது மழைநீர் வடிகால், அது மாநகராட்சியுடையது. அதன் முடிவில் எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் கிடையாது. தின்னரையோ எண்ணெயையோ பிடித்து நிறுத்த ஒரு வடிகட்டி கிடையாது, ஒரு தொட்டி கிடையாது, நடுவில் நின்று பார்க்க ஒரு ஆள்கூடக் கிடையாது. தெருவில் விழும் மழையைப் பக்கத்து ஓடையில் கொண்டு சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. தி.நகர்ப் பக்கம் ஊற்றினால் மாம்பலம் கால்வாய், அங்கிருந்து அடையாறு. விருகம்பாக்கத்தில் ஊற்றினால் அரும்பாக்கம் வழியாகக் கூவம். ஆதம்பாக்கத்தில் அந்தத் தம்பி ஊற்றியது வீராங்கல் ஓடைக்குப் போகும், ஓடை பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகும், 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோமே, அதே சதுப்புநிலம்தான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, தெற்கு பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம், கடல். மழை இல்லாத மாதங்களில் ஊற்றினாலும் கதை மாறாது. வடிகாலின் அடியில் படிந்து காத்திருக்கும், முதல் நல்ல மழையில் மொத்தமாகக் கிளம்பிப் போகும். முதல் மழைக்கு அடுத்த நாள் நான் எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் அந்த வருடத்திலேயே மோசமானவையாக இருக்கும்.

"சரி, அப்படின்னா வீட்டு சிங்க்கிலேயே ஊத்திடறேன்" என்று அடுத்து ஒருவர் வருவார். அதுவும் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் முக்கியமான வேலையைச் செய்வது பாக்டீரியாக்கள். மனிதக் கழிவையும் உணவுக் கழிவையும் அவை தின்று தீர்க்கும். தின்னரையும் பூச்சிமருந்தையும் அனுப்பினால் அவற்றுக்கே ஆபத்து. பாதரசம், ஈயம் போன்ற உலோகங்களை எந்த பாக்டீரியாவாலும் தின்று காணாமல் செய்ய முடியாது. ஒரு பகுதி தண்ணீரோடு வெளியேறும், மீதி சேற்றில் தங்கும். மருந்து மாத்திரைகளில் பலவற்றைப் பிடித்து நிறுத்த இந்த நிலையங்கள் கட்டப்படவே இல்லை.

நம் ஓடைகளுக்கு முதல் எதிரி சுத்திகரிக்காத கழிவுநீர்தான், அதை மறைக்கவில்லை. அதற்கு அரசைக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் தின்னர் டப்பா நம் கையில் இருக்கிறது.

கால்வாய் ஓரம் நிற்கும்போது தண்ணீர் மேல் வானவில் மாதிரி ஒரு படலம் தெரிந்தால் நான் முதலில் ஒரு குச்சியைத் தேடுவேன். படலத்தைக் குச்சியால் கலைத்துவிட்டால், கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாகவே நின்றால் அது பெரும்பாலும் இரும்பு பாக்டீரியா, இயற்கையானது, பயம் இல்லை. கலைத்த இடம் சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடிக்கொண்டால் எண்ணெய். நம் கால்வாய்களில் எனக்குப் பெரும்பாலும் கூடிக்கொள்கிற படலம்தான் கிடைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில் எண்ணூரில் எண்ணெய் பரவி, மீனவர்கள் வாளியில் மொண்டு எடுத்ததைப் பார்த்து ஊரே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். வீட்டு வாசலில் பைக்குக்கு ஆயில் மாற்றிவிட்டு, பழைய ஆயிலை வடிகாலில் விடும்போதும் அதே கோபம் வர வேண்டாமா?

இனி செய்ய வேண்டியது. ஆயிலை மெக்கானிக் கடையிலேயே மாற்றுங்கள், பழையதை டிரம்மில் சேர்த்து வைக்கிறாரா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். உடைக்கிற இடத்தில் ஆசிட் எங்கே கொட்டப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். ட்யூப்லைட்டைக் குப்பைத்தொட்டியில் உடைத்துத் திணிக்காதீர்கள், எல்இடி அல்லாத பழைய வகையின் உள்ளே பாதரசம் இருக்கிறது. புது லைட் வந்த அட்டை உறையில் பழையதைப் போட்டுத் தனியாகக் கொடுங்கள். வீட்டுக்குள் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே போங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அட்டையால் வாரி எடுங்கள். காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். இன்சுலின் ஊசிகளை மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டேப் ஒட்டிக் கொடுங்கள். வெறும் கையால் குப்பை பிரிக்கும் அந்த அம்மாவின் விரலை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று, இது ஓடைக்காக இல்லை, உங்கள் உயிருக்காக. கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடாதீர்கள். வருவது குளோரின் வாயு.

தனியாகக் கொடுங்கள் என்கிறேனே, யாரிடம்? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயகரக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, ட்யூப்லைட், பழைய மருந்து, பேட்டரி, ஊசி எல்லாம் அதில் மூன்றாவது வகை. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் என்றும் அதில் எழுதினார்கள். உங்கள் பகுதி மையம் எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள், சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள். யாரும் கேட்காததாலேயே பல இடங்களில் இது பேப்பரோடு நிற்கிறது. பதில் வரும்வரை மாடிப்படிக்கு அடியில் மூடி போட்ட ஒரு பெட்டி வையுங்கள். ஒரு வீட்டில் ஒரு வருடத்துக்குச் சேர்வது ஒரு பக்கெட்கூட இருக்காது.

அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். தின்னரை ஊற்றவே தேவையில்லை. டின்னில் மூடி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பெயின்ட் அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்து நிற்பதை வடித்து அடுத்த முறை பிரஷ் அலசலாம். அடியில் உள்ள கசடில் மணலைக் கொட்டி, காற்றோட்டமான இடத்தில், அடுப்பு பீடி எதுவும் அருகில் இல்லாமல், காயவிட்டு டப்பாவோடு அந்தப் பெட்டியில் போடுங்கள். இதைச் சொன்னதும் அவர் உடனே ஒரு காலி டின் கேட்டார். அந்த வீட்டில் இல்லை, பழைய பெயின்ட் டின்களை எல்லாம் முந்தின நாள்தான் குப்பைக்குப் போட்டிருந்தார்கள். உங்கள் வீட்டில் பெயின்ட் வேலை ஆரம்பிக்கும் நாளில் மூடியோடு இரண்டு காலி டின்னும் ஒரு சாக்கு மணலும் வாசலிலேயே எடுத்து வையுங்கள்.