ஏர் கேஜ் ஃபுல்லாக இருக்கும், பிரேக் இருக்காது

டம்பர், லோடர், கிரேடர் ஓட்டுபவர்களிடம் ஏர் பிரேக் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி, "காத்து தீர்ந்துபோனா வண்டி நிக்குமா, ஓடுமா?" என்பதுதான். மெக்கானிக்காக நான் பார்த்த வரையில் அதிகம் பயப்பட வேண்டிய இடம் அது இல்லை, காற்று போனால் என்ன நடக்க வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் முன்பே யோசித்து வைத்துவிட்டார்கள். காற்று நிறைய இருந்தும் பிரேக் பிடிக்காமல் போகிற சமயங்கள் இருக்கின்றன பாருங்கள், அவைதான் ஆபத்து. அதை யாரும் கேட்பதில்லை.

முதலில் காற்று போகிற வழி. இன்ஜினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் டேங்குகளை நிரப்புகிறது, ஏறக்குறைய 120 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தில் இத்தனை பவுண்ட் அழுத்தம் என்ற அளவு) வந்ததும் கவர்னர் நிறுத்திவிடும், 100 வாக்கில் இறங்கினால் மறுபடி ஏற்றச் சொல்லும் (இந்த எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும், உங்கள் மேனுவல் சொல்வதுதான் கணக்கு). பெடலை மிதிக்கும்போது உங்கள் கால் பலம் சக்கரத்துக்குப் போவதில்லை, பெடல் வெறும் குழாய்த் திருகு மாதிரி, எவ்வளவு மிதிக்கிறீர்களோ அந்த அழுத்தத்துக்குக் காற்றைத் திறந்துவிடுகிறது. அந்தக் காற்று சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரேக் சேம்பர் என்ற டப்பாவுக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வைத் தள்ளும். 30 சதுர அங்குல டயாபிரத்தின் மேல் 100 பிஎஸ்ஐ விழுந்தால் 3000 பவுண்ட், அதாவது சுமார் 1360 கிலோ தள்ளு விசை. அது புஷ் ராடு என்ற கம்பி வழியாக ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, எஸ் வடிவ முனை கொண்ட எஸ் கேம் சுழன்று பிரேக் ஷூவை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் அழுத்துகிறது.

பார்க்கிங் பிரேக்கில் கதை தலைகீழ். அங்கே பிடிப்பது கனமான ஸ்பிரிங், காற்றின் வேலை அதை அமுக்கி வைத்து வண்டியை விடுவிப்பது மட்டுமே. அதனால்தான் 60 பிஎஸ்ஐ வாக்கில் பஸ்ஸர் கத்துகிறது, இன்னும் இறங்கி 45-க்கும் 20-க்கும் நடுவில் வந்தால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துவிடுகிறது. இந்த யோசனை ரயிலில் பிறந்தது. 1869-ல் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த முதல் ஏர் பிரேக்கில் ஹோஸ் (காற்றுக் குழாய்) அறுந்தால் பிரேக்கே போய்விடும், 1872-ல் அவரே அதை மாற்றி, காற்று குறைந்தால் பிரேக் பிடிக்கும்படி செய்தார். இதையெல்லாம் யோசித்து வைத்த பிறகும், பஸ்ஸர் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று வயரை வெட்டி டேப் சுற்றிய டம்பரை நான் பார்த்திருக்கிறேன். கசிந்துகொண்டிருந்த ஹோஸை மட்டும் யாரும் தொடவில்லை!

சரி, இப்போது காற்றழுத்தம் காட்டும் கேஜ் ஃபுல்லாக இருக்கும்போது வருகிற சிக்கல்.

ஷூவின் மேலுள்ள லைனிங் தேயத் தேய புஷ் ராடு அதிக தூரம் வெளியே வர வேண்டியிருக்கும். நான் சொன்ன 30 அளவு சாதாரண சேம்பரில் மொத்த ஓட்டமே இரண்டரை அங்குலம்தான், 2 அங்குலத்துக்கு மேல் ஓடினால் அட்ஜஸ்ட்மென்ட் போய்விட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் லோடோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை வைத்தபடியே இறங்கினால் டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும், புஷ் ராடு இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும், ஓட இடம் இல்லை. டயாபிரம் சேம்பரின் சுவரில் போய் முட்டி நிற்கும். கேஜில் காற்று அப்படியே இருக்கும், காலுக்குக் கீழே பெடலும் வழக்கம்போலத்தான் இருக்கும், சக்கரத்தில் மட்டும் பிடி இருக்காது. காலையில் யார்டில் சமதரையில் மிதித்துப் பார்த்தபோது நன்றாகத்தானே பிடித்தது என்பார்கள், பிடித்திருக்கும், அப்போது டிரம் ஆறியிருந்தது. அதனால்தான் இறக்கத்தில் கியரும் ரிடார்டரும் (பிரேக் ஷூவைப் பயன்படுத்தாமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) வேகத்தைப் பிடிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். நியூட்ரலில் உருட்டினால் இரண்டும் போச்சு, அதோடு இன்ஜின் ஐட்லிங்கில் இருப்பதால் கம்ப்ரசர் காற்று ஏற்றுவதும் மந்தமாகிவிடும்.

இதைச் சோதிக்கச் சாக்பீஸ் ஒன்று போதும். டயருக்குக் கட்டை வைத்து, காற்று 90 முதல் 100-க்குள் இருக்கும்போது இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, புஷ் ராடு சேம்பரிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இன்னொருவர் முழுக்க மிதித்துப் பிடிக்கட்டும், கோடு நகர்ந்த தூரத்தை அளந்துகொள்ளுங்கள். தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் இருந்தும் தூரம் அதிகம் என்றால் ஸ்பானரால் திருகிச் சரிசெய்துவிட்டுப் போகாதீர்கள், புஷ்ஷோ (தண்டு சுழலும் வளையம்) பின்னோ தேய்ந்திருக்கும், அதைத் தேட வேண்டும்.

பல லோடர்களில் வேறு மாதிரி. காற்று பூஸ்டரைத் தள்ளும், பூஸ்டர் ஆயிலைத் தள்ளும், ஆயில்தான் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை இறுக்கும். ஆயில் கசிந்து தீர்ந்திருந்தாலும் ஏர் கேஜ் ஒன்றும் சொல்லாது, அதற்குக் காற்று மட்டும்தான் தெரியும். ஆயில் மட்டத்தைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் தண்ணீர். காற்றை அமுக்கிப் பின் ஆறவிட்டால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக டேங்கில் தங்கும், கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தால் கொழகொழவென்று வரும். டேங்கில் பாதி தண்ணீர் என்றால் காற்றுக்கு இடம் பாதிதான், ஆனால் கேஜ் அதே 120 காட்டும், ஏனென்றால் அது அழுத்தத்தைக் காட்டும், எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைக் காட்டாது. நாலைந்து முறை மிதித்ததும் முள் சரசரவென்று இறங்கும்போதுதான் தெரியும். கடுங்குளிர் இடங்களில் அதே தண்ணீர் வால்வில் உறைந்துவிடும். ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் இருக்கிறதே என்று, டேங்கில் தண்ணீரை வடிக்கும் டிரெயின் வால்வை மறந்துவிடாதீர்கள், வடிக்கும்போது நிறைய தண்ணீர் வந்தால் டிரையரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது ஓட்டுபவருக்கு அல்ல, கழற்றுபவருக்கு. காற்றில்லாமல் நின்றுபோன மெஷினை இழுக்க பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கை கேஜிங் போல்ட்டால் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டி வைக்கும் போல்ட்) இறுக்கி வைப்போம், அந்த நிமிடத்திலிருந்து வண்டிக்குப் பார்க்கிங் பிரேக் கிடையாது, ஆகவே டயருக்குக் கட்டை வைத்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். ஸ்பிரிங் இருக்கும் பகுதியின் கிளாம்ப்பை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உள்ளே அமுங்கி இருக்கும் ஸ்பிரிங் மூடியோடு பறந்து வந்து ஆளைக் கொல்லும். டயாபிரம் கிழிந்து ஓரமாகத் தூக்கிப் போட்ட பழைய சேம்பருக்குள்ளும் அந்த ஸ்பிரிங் அதே இறுக்கத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறது.