தூக்குக் கயிறும் வாக்குமூலத்தின் கடைசிப் பக்கமும்

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லியில் தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நீதிமன்றம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தன் முன் நின்ற 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அப்போது நான் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராக இருந்தேன். மறுநாள் காலை நாளிதழை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "இருபத்தாறு பேருக்கும் ஒரே எடையா? மேலே போனால் நிற்காதுப்பா" என்றார் அவர்.

அவர் சொன்னபடியே நடந்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்து, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. நால்வரில் நளினியின் தண்டனையை 2000ஆம் ஆண்டில் தமிழக ஆளுநர் குறைத்தார். மற்ற மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடப்பில் இருந்து 2011இல் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தாமதத்தையே காரணமாகக் கொண்டு 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களின் தண்டனையையும் ஆயுளாக்கியது. ஏழு பேரும் 2022இல் வெளியே வந்தார்கள். 26 தூக்கில் ஒன்றுகூட நிறைவேறவில்லை.

பயங்கரவாத வழக்குகளில் தூக்குக் கேட்பது தக்கதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் குற்றத்தின் கொடுமையைப் பற்றியே பேசுகிறார்கள். கொடுமையில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகமெல்லாம் சாட்சியத்தின் மீதுதான். தூக்குக் கேட்கும் வேகம் எந்த வழக்கில் மிக அதிகமோ, அந்த வழக்கில்தான் சாட்சியம் மிகவும் மெலிந்திருக்கிறது என்பது கேஸ் கட்டுகளைப் பிரித்துப் படித்தவர்களுக்குத் தெரியும்.

சாதாரணக் கொலை வழக்கில், காவல் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. தடாவின் 15ஆவது பிரிவு அந்தத் தடையை எடுத்துவிட்டது. காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் போதும் என்றது. பின்னர் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவும், மகாராஷ்டிரத்தின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டமான மகோகாவும் அதே வழியில் சென்றன. இத்தகைய வாக்குமூலத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று என் மூத்தவர் பழக்கியிருந்தார். 'தானாக முன்வந்து கூறினார்' என்ற சான்றுரை அங்கேதான் இருக்கும். அதை எழுதிய நேரம், எச்சரிக்கைக்குப் பின் யோசிக்கக் கொடுத்த அவகாசம், பேசிய மொழியும் எழுதிய மொழியும் ஒன்றா என்பது, கையெழுத்தின் நடுக்கம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே முதல் பக்கத்துக்குப் போக வேண்டும். ஒருமுறை, வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஆட்கள் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு வாக்குமூலங்களில் ஒரே சொல் ஒரே விதமாகப் பிழையாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ராஜீவ் வழக்கிலேயே, நடந்தது தடா சட்டத்தின் பொருளில் பயங்கரவாதச் செயல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் அதே சட்டத்தின்கீழ் பதிவான வாக்குமூலங்கள் செல்லும் என்றும் அது கூறியது. தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. கண்காணிப்பாளர் ஓய்வுக்குப் பின், 2013இல், குண்டில் பயன்படுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரிகள் எதற்காக வாங்கப்பட்டன என்பது தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் பதிவு செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வாக்கியம் விடுபட்டதற்கும் தூக்குத் தண்டனைக்கும் நடுவே எவ்வளவு குறைந்த தூரம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இது ஒரு வழக்கோடு நின்றுவிடவில்லை. 2002 அக்‌ஷர்தாம் தாக்குதல் வழக்கில் மூவருக்கு விதித்த தூக்கைக் குஜராத் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என விடுதலை செய்தது. 2015 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 262ஆவது அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்களையும் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தலையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. பயங்கரவாதத்தைத் தனியாக நடத்தத் தண்டனையியல் நோக்கில் காரணம் இல்லை என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டு, தேசப் பாதுகாப்பு பற்றிய கவலைக்காக விலக்கு அளித்தது. பிழை நேர வாய்ப்பு மிகுந்த இடத்தில் திருத்த முடியாத தண்டனையை மிச்சம் வைத்ததாகவே எனக்குப் படுகிறது. அடுத்த மாதமே மும்பை மகோகா நீதிமன்றம் 2006 ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் ஐவருக்குத் தூக்கு விதித்தது. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், வாக்குமூலங்கள் ஒன்றுபோலவே இருந்ததையும் சுட்டிக்காட்டி, தண்டிக்கப்பட்ட 12 பேரையும் விடுவித்தது. ஐவரில் ஒருவர் 2021இல் கைதியாகவே இறந்துபோயிருந்தார். அரசின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கிறது. 189 பேரைக் கொன்றது யார் என்ற கேள்வி பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் திறந்தே கிடக்கிறது.

தூக்கு அச்சுறுத்தும் என்ற வாதத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவைக் கொன்ற தணு தன் உடலிலேயே குண்டைக் கட்டி வந்தார். கொலைத் திட்டத்தை முன்னின்று நடத்திய சிவராசன் கூட்டத்தினர் பெங்களூருக்கு அருகே சுற்றி வளைக்கப்பட்டபோது உயிரோடு பிடிபடவில்லை. கழுத்தில் சயனைடு குப்பி தொங்கவிட்டிருந்தவர்களிடம் தூக்கு மேடையைக் காட்டி என்ன பயன்?

தூக்கைக் கைவிட்டதால் கிடைத்த பலன்களையும் பேச வேண்டும். மரண தண்டனை விதிக்க மாட்டோம் என்று உறுதியளித்துத்தான் 2005இல் போர்ச்சுகலிலிருந்து, 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை இந்தியா பெற முடிந்தது. மும்பை 26/11 தாக்குதலுக்கு உளவு பார்த்த டேவிட் ஹெட்லி, அமெரிக்கா மரண தண்டனை கேட்காது என்ற ஒப்பந்தத்தின்கீழ்தான் விசாரணைக்குத் தொடர்ந்து ஒத்துழைத்தார். 2016இல் மும்பை நீதிமன்றத்தில் காணொலி வழியே சாட்சியமும் அளித்தார். செத்தவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியாது.

குண்டுவெடிப்பு ஒன்றில் கணவரை இழந்த பெண் ஒருவர் நீதிமன்ற வராந்தாவில் என்னிடம் பேசினார். நான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்று தெரிந்தேதான் பேசினார். "தூக்குன்னு சொன்னாங்க, முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன் சார். அப்புறம் ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு, மனுன்னு ஒவ்வொரு தடவையும் டி.வி.யில அவர் கெடந்த எடத்தையே காட்டுறாங்க" என்றார். தூக்கு என்றால் உயர் நீதிமன்ற உறுதிப்பாடு, மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு, அதன் மீது மறுபடி வழக்கு என்று நீளும். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அவற்றில் எதையும் சுருக்கவும் கூடாது.

வேறு வழி சட்டத்திலேயே உண்டு. தண்டனைக் குறைப்பே இல்லாமல் குறிப்பிட்ட ஆண்டுகளோ வாழ்நாள் முழுவதுமோ சிறையில் வைக்க உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உத்தரவிடலாம் என்று 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பே ராஜீவ் வழக்குக் கைதிகளின் விடுதலை தொடர்பான வழக்கில் வந்ததுதான். அந்தப் பெண்ணின் கணவர் வழக்கில் அரசுத் தரப்பு கடைசி வரை அதைக் கேட்கவே இல்லை.