தெரிந்த மெட்டு வேறு வேஷத்தில் வரும்போது

2022 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த கிராமி விழாவில், வாத்திய இசைக்கான அரேஞ்ச்மென்ட் (இருக்கும் மெட்டைப் புதிதாக அமைப்பது) விருது ஒரு வீடியோ கேம் மெட்டுக்குப் போனது. 'மெட்டா நைட்ஸ் ரிவெஞ்ச்' என்று பெயர். 1996-ல் வந்த 'கிர்பி சூப்பர் ஸ்டார்' என்ற நின்டெண்டோ விளையாட்டிலிருந்து எடுத்தது. கிர்பி என்ற இளஞ்சிவப்பு உருண்டை ஒரு பறக்கும் போர்க்கப்பலைத் தகர்க்கப் புறப்படும் கதைப் பகுதி அது. நியூயார்க்கின் 'தி 8-பிட் பிக் பேண்ட்' என்ற ஜாஸ் குழுவை நடத்தும் சார்லி ரோசனும், 'பட்டன் மாஷர்' என்ற பெயரில் இசைக்கும் ஜேக் சில்வர்மனும் சேர்ந்து அதை ஜாஸ் ஊதுகுழல்களும் எலக்ட்ரானிக் ஒலிகளும் கலந்த ஒன்றாக மாற்றியிருந்தார்கள்.

ரீமிக்ஸ் என்றதும் நமக்குப் பழைய சினிமாப் பாட்டுக்கு அடியில் டமால் டுமீல் என்று தாளம் போடுவதுதான் நினைவுக்கு வரும். கேம் இசைக்காரர்கள் சொல்லும் ரீமிக்ஸ் வேறு. மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவார்கள். இப்படி ஒன்றைக் கேட்கும்போது சிலருக்குப் புல்லரிக்கிறது, சிலர் "கெடுத்துவிட்டார்கள்" என்று முகம் சுளிக்கிறார்கள், அந்த விளையாட்டையே அறியாதவர் "நல்லாத்தான் இருக்கு" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். மூவர் காதிலும் விழுவது ஒரே ஒலி.

இதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு மெட்டை எப்படி அடையாளம் காண்கிறோம் என்று பார்க்க வேண்டும். 1972-ல் உளவியலாளர் டயானா டாய்ச் ஒரு சோதனை செய்தார். 'யாங்கி டூடுல்' அமெரிக்காவில் குழந்தைக்கும் தெரிந்த பாட்டு. அதன் சுரங்களையும் தாளத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரத்தையும் மூன்று ஸ்தாயிகளில் ஏதோ ஒன்றில் தாறுமாறாக வைத்தார். ச ச-வாகவே இருந்தது, ரி ரி-யாகவே இருந்தது. ஆனால் கேட்டவர்களால் பாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மெட்டின் ஏற்ற இறக்கம் குலைந்துவிட்டது, அதுதான் காரணம். அப்புறம் பாட்டின் பெயரைச் சொன்னதும், அதே குழப்பமான ஒலிக்குள் அவர்களால் மெட்டைப் பின்தொடர முடிந்தது!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி விஷயம். என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் மூளை அதைத் தேடிப் பிடித்துவிடுகிறது. ரீமிக்ஸின் தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்பவரும் படிக்காமல் கேட்பவரும் தொடங்கும் இடமே வேறு.

சுருதியை மாற்றலாம், வாத்தியத்தை மாற்றலாம், வேகத்தைக் கூட்டலாம். ஏற்ற இறக்கமும் தாள அமைப்பும் ஓரளவு தப்பித்தால் ஆள் தெரிந்துவிடும். பழைய கேம் மெட்டுகள் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். 1983-ல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியில் மொத்தமே ஐந்து ஒலித்தடங்கள். மெட்டு வாசிக்க இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, பதிவுசெய்த சிறு ஒலிகளுக்கு ஒன்று. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும், படம், இசை எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோ பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அலங்காரத்துக்கு இடமே இல்லை, மெட்டுதான் எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டும். கிர்பி ஓடிய சூப்பர் ஃபேமிகாமில் எட்டுத் தடங்கள், ஒலிக்கென்று 64 கிலோபைட் நினைவகம். ஒரு வாத்தியத்தின் ஒலியைத் துளியளவு பதிந்து, அதையே மேலும் கீழும் இழுத்து வாசிப்பார்கள். எக்காளம் மாதிரி ஏதோ கேட்கும், மீதியை நாம் மனசுக்குள் நிரப்பிக்கொள்வோம். போதாததற்கு, அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை அதே இசை சுற்றிச் சுற்றி வரும். விடுமுறை முழுக்க 'டிவி கேம்' முன்னால் கிடந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எந்தப் பாட்டையும் நாம் அத்தனை தடவை விரும்பிக் கேட்டதில்லை.

அடுத்தது எதிர்பார்ப்பு. இசை உணர்ச்சியின் வேர் எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது என்று இசை அறிஞர் லியனார்ட் மேயர் 1956-லேயே எழுதினார். பின்னால் வந்த உளவியலாளர் ஜம்ஷெத் பரூச்சா அந்த எதிர்பார்ப்பை இரண்டாகப் பிரித்தார். ஒன்று பொது வழக்கம் சார்ந்தது: ஜாஸ் என்றால் இப்படித்தான் நகரும் என்று காலப்போக்கில் காது கற்றுக்கொண்டது. மற்றொன்று குறிப்பிட்ட பாட்டு சார்ந்தது: இந்த மெட்டில் இந்த இடத்துக்குப் பிறகு இதுதான் வரும் என்ற நேரடி நினைவு. இவை இரண்டும் தனித்தனிக் கணக்குப்பிள்ளைகள். ஒருவர் ஏட்டை மற்றவர் பார்ப்பதில்லை. நூறு தடவை கேட்ட பாட்டின் திருப்பம்கூட நம்மை அசைப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

ரீமிக்ஸ் இந்த இருவரையும் ஒரே மேசையில் உட்கார்த்திச் சண்டை மூட்டுகிறது. அடுத்த சுரம் என்னவென்று மெட்டின் நினைவு சொல்கிறது. அந்தச் சுரம் எப்போது, எந்தச் சாய்வில் விழ வேண்டும் என்று ஜாஸின் ஸ்விங் தாள வழக்கம் வேறு சொல்கிறது. ஸ்விங்கில் ஒரு அடியைச் சரிபாதியாகப் பிரிப்பதில்லை, முன்பாதி நீளும், பின்பாதி குறுகும். அதனால் தெரிந்த சுரம் தெரியாத நேரத்தில் வருகிறது. விளையாட்டை அறியாதவரிடம் வேலை செய்வது பொதுவழக்கக் கணக்குப்பிள்ளை மட்டும்தான். அவருக்கு இது இன்னொரு ஜாஸ் பாட்டு, அவ்வளவுதான்.

ஏமாற்றம் எப்போது இனிக்கும், எப்போது கசக்கும்? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். 745 பாப் பாட்டுகளிலிருந்து சுமார் 80,000 கார்டுகளை (chord, ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எதிர்பாராதது என்று கணினியால் அளந்தார்கள். அடுத்து வருவது இதுதான் என்று உறுதியாக இருக்கும்போது வேறொன்று வந்தால் மக்களுக்குப் பிடித்தது. ஒன்றும் நிச்சயமில்லாத நேரத்தில் பழகியது வந்தாலும் பிடித்தது. அது கார்டுகளைப் பற்றிய ஆய்வு, ரீமிக்ஸைப் பற்றியது அல்ல. ஆனாலும் நல்ல ரீமிக்ஸ்காரர்கள் செய்வது ஏறக்குறைய இதையேதான் என்று நினைக்கிறேன். பின்னணியைக் குழப்பிவிட்டு மெட்டை நேராக நிறுத்துவார்கள், பின்னணி நிலைத்ததும் மெட்டை வளைப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் குலைத்தால்தான் "கெடுத்துவிட்டார்கள்" என்ற குரல் எழுகிறது. ரோசனும் சில்வர்மனும்போல இரண்டு ஆட்கள் இரண்டு பழக்கங்களோடு சேர்ந்து செய்வதில் ஒரு லாபமும் உண்டு. ஒருவரின் தந்திரங்கள் காதுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். இருவர் என்றால் அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது.

புல்லரிப்புக்கும் ஓர் அளவீடு இருக்கிறது. 2011-ல் கனடாவின் மாண்ட்ரியலில் மூளை ஆய்வாளர்கள் வலோரி சாலிம்பூரும் ராபர்ட் ஸடோரேயும் குழுவினரும், தங்களைப் புல்லரிக்க வைக்கும் இசையை ஆட்களையே கொண்டுவரச் சொல்லி, கேட்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது உச்சத்தில் மட்டுமல்ல. அதற்குச் சில நொடிகள் முன்பே, 'இதோ வருகிறது' என்ற காத்திருப்பிலேயே, மூளையின் இன்னொரு பகுதியில் சுரந்தது. மெட்டைத் தெரிந்தவர் ரீமிக்ஸின் நீண்ட முன்னுரையைப் பொறுமையாகக் கேட்பது இதனால்தான். தெரியாதவருக்கு அது வெறும் தாமதம்.

இந்த 'மெட்டா நைட்' துண்டை நான் ஒரு வாரம் விடாமல் கேட்டேன். அதன்பிறகு 1996-ன் மூலத்தைப் போட்டால் ஒரு இடத்தில் காது தடுக்கி நின்றது. அங்கே ஊதுகுழல்கள் ஒன்றாகச் சீற வேண்டும். சீறவில்லை.